கனடாவில் முதல் குளிர்காலமா? டயரில் தொடங்குங்கள்

ஒன்டாரியோ மாகாணத்தின் மிசிசாகாவுக்குக் குடிவந்த முதல் வருடம், நவம்பர் கடைசியில் ஒரு காலை. தெருமுனை ஸ்டாப் பலகைக்கு முன் பிரேக்கை மிதித்தேன். வேகம் இருபதுகூட இருக்காது. காலுக்கடியில் பிரேக் கடகடவென்று துடித்ததே தவிர, வண்டி நிற்கவில்லை. கோயில் தேர் மாதிரி நிதானமாக நகர்ந்து நடுச் சந்தியில் போய் நின்றது. எதிரில் யாரும் வராதது என் அதிர்ஷ்டம். டயர் மேல் பழி போட முடியாது, மாட்டி ஒரு வருடம்கூட ஆகவில்லை, பட்டன் தேயவே இல்லை. விற்றவர் 'ஆல் சீசன்' டயர் என்று சொல்லித்தான் கொடுத்தார். எல்லா சீசனும் என்றால் அதில் குளிர்காலமும் சேர்த்திதானே என்று நினைத்திருந்தேன்.

சேர்த்தி இல்லை. ஊரில் நாம் டயரைப் பார்த்துக் கேட்கும் கேள்விகள் இரண்டுதான்: பட்டன் இருக்கிறதா, காற்று இருக்கிறதா. இங்கே மூன்றாவதாக ஒன்று கேட்க வேண்டும். குளிரில் இந்த ரப்பர் மெத்தென்று இருக்குமா? மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்தாலும் ஒரு சொட்டு விழாதே, ஆல் சீசன் ரப்பரும் அப்படித்தான், குளிரக் குளிர இறுகிக்கொண்டே போகும். 7 டிகிரிக்குக் கீழே போனாலே அதன் பிடிப்பு குறைய ஆரம்பித்துவிடும். பனியே விழாத, காய்ந்த சாலையிலும் இதே கதைதான். விண்டர் டயரின் ரப்பர் கலவை வேறு. மைனஸ் இருபதிலும் அது வளைந்து கொடுக்கும். பட்டன்களின் மேல் பிளேடால் கீறியது போல நூற்றுக்கணக்கான மெல்லிய கீறல்கள் இருக்கும். அவைதான் ஐஸின் மேல் நிற்கும் மெல்லிய நீர்ப்படலத்தை விலக்கி, விளிம்புகளால் பற்றிக்கொள்கின்றன.

அதனால் பனி விழட்டும், அப்புறம் மாற்றலாம் என்று காத்திருக்காதீர்கள். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வெப்பமானி தொடர்ந்து 7 டிகிரிக்குக் கீழே காட்டினால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. தென் ஒன்டாரியோவில் அது அக்டோபர் கடைசி, நவம்பர் முதல் வாரம். முதல் பனி விழுந்த மறுநாள் டயர் கடைக்குப் போனால் தீபாவளிக்கு முந்தைய நாள் தி.நகர்தான். உங்கள் அளவு டயர் தீர்ந்திருக்கும், மாட்டுவதற்கு இரண்டு வாரம் கழித்துத் தேதி கொடுப்பார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

மாகாணத்துக்கு மாகாணம் மாறும். க்யூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை விண்டர் டயர் கட்டாயம், இல்லாவிட்டால் 200 டாலரில் ஆரம்பிக்கும் அபராதம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் பெரும்பாலான மலைப்பாதை நெடுஞ்சாலைகளில் அக்டோபர் 1 முதல் கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் 2016 ஜனவரியிலிருந்து, விண்டர் டயர் மாட்டியவர்களுக்குக் கார் இன்ஷூரன்ஸில் தள்ளுபடி தர வேண்டும் என்பது இங்கே விதி. எவ்வளவு என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், பொதுவாக 5 சதவீதத்துக்குள். தானாக வராது. போன் செய்து கேளுங்கள், பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

எதைப் பார்த்து வாங்குவது

டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். பனியில் ஓட்டிச் சோதித்து, நிர்ணயித்த அளவு பிடிப்பு இருந்தால்தான் அந்தச் சின்னம் போட முடியும். 'எம்+எஸ்' என்ற எழுத்தை நம்பி ஏமாறாதீர்கள். சேறும் பனியும் என்பதன் சுருக்கம் அது. பட்டன்களுக்கு இடையே பள்ளம் போதுமான அளவு இருக்கிறது என்பதைத் தாண்டி அது எதற்கும் உத்தரவாதம் இல்லை. என்னைச் சந்தியில் கொண்டுபோய் நிறுத்திய டயரிலும் 'எம்+எஸ்' இருந்தது.

ஆல் சீசனுக்கும் விண்டர் டயருக்கும் நடுவே 'ஆல் வெதர்' என்று ஒரு வகை உண்டு. பெயர் ஆல் சீசன் மாதிரியே ஒலிப்பதால் கடையில் நின்று குழம்பாதவர்களே இல்லை. இதில் மலைச் சின்னம் இருக்கும், வருடம் முழுக்க ஓட்டலாம், வருடத்துக்கு இரண்டு தடவை மாற்றும் தொல்லை கிடையாது. மிஷெலினின் கிராஸ்கிளைமேட் 2 இந்த வகையில் பெயர் பெற்றது. வாரநாளில் ரயிலில் போய்வந்து, சனி ஞாயிறு மட்டும் நகருக்குள் ஓட்டுபவருக்கு இது போதும் என்பது என் கருத்து. இரவு ஷிஃப்ட் முடிந்து விடியற்காலையில் திரும்புபவரும், டொரன்டோவுக்கு வடக்கே பேரி நகரப் பக்கம் அடிக்கடி போகிறவரும் அசல் விண்டர் டயரே வாங்குங்கள். ஐஸின் மேல் நிற்க வேண்டி வரும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

நண்பர்கள் இரண்டு யோசனை சொல்வார்கள். "என்னுடையது ஆல் வீல் டிரைவ், எனக்கு எதற்கு?" என்பார் ஒருவர். நான்கு சக்கரத்துக்கும் இழுவை போவது கிளம்புவதற்கு உதவும். நிற்பதற்கு உதவாது. பிரேக் எல்லாக் காரிலும் நான்கு சக்கரத்துக்கும்தான் போகிறது. இன்னொருவர், "முன்சக்கரம்தானே இழுக்கிறது, முன்னால் மட்டும் இரண்டு போடு, பாதிக் காசு மிச்சம்" என்பார். தயவுசெய்து கேட்காதீர்கள். முன்னால் பிடிக்கும், பின்னால் வழுக்கும். வளைவில் திரும்பும்போது வண்டியின் வால் உங்களை முந்திக்கொண்டு வரும். நான்கும் மாற்றுங்கள், நான்கும் ஒரே மாடலாக இருக்கட்டும்.

கம்பெனி எது என்று கேட்டால், பிரிட்ஜ்ஸ்டோன் பிளிசாக், மிஷெலின் எக்ஸ்-ஐஸ், நோக்கியன் ஹக்காபெலிட்டா, கான்டினென்டல் வைக்கிங்கான்டாக்ட் எல்லாமே நம்பி வாங்கக்கூடியவை. நோக்கியன் பின்லாந்துக்காரர்கள், ஹக்காபெலிட்டா என்ற பெயரில் 1936 முதல் டயர் செய்கிறவர்கள். பனியைப் பற்றி அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இவற்றுக்கு ஒரு படி கீழே யோகோஹாமா, டோயோ, ஜெனரல் என்று விலை குறைந்தவையும் நன்றாகவே இருக்கின்றன. பெயரே கேள்விப்படாத மிக மலிவான டயரை மட்டும் தவிர்ப்பேன். ஆணி பதித்த டயர் சத்தமும் அதிகம், தென் ஒன்டாரியோவில் குடியிருப்பவர்களுக்கு அனுமதியும் இல்லை. அதை மறந்துவிடலாம்.

அளவு: ஒரு இன்ச் இறங்குங்கள்

டிரைவர் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் அச்சிட்டிருக்கும். என் ஹோண்டா சிவிக்கில் 215/50 ஆர் 17 என்று இருந்தது. 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 50 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 50 சதவீதம். 17 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில்.

இதே காரின் குறைந்த விலை மாடலில் கம்பெனியே 16 இன்ச் ரிம் போட்டுத்தான் விற்றது. விண்டருக்கு அதைத்தான் எடுத்தேன். கணக்கைப் பாருங்கள். 17 இன்ச் என்பது 431.8 மி.மீ. 215-ல் பாதி 107.5, மேலும் கீழுமாக இரண்டு தடவை கூட்டினால் டயரின் முழு உயரம் 646.8 மி.மீ. 215/55 ஆர் 16-க்கு இதே கணக்கைப் போட்டால் 642.9 வரும். வித்தியாசம் 4 மி.மீ.கூட இல்லை, ஸ்பீடோமீட்டர் ஏமாறாது. ஆனால் ரிம் சிறியதானதால் ரப்பர் சுவர் உயரமாகிறது. பனிக்குள் மறைந்திருக்கும் குழியில் விழுந்தால் அடியை ரிம் வாங்காது, ரப்பர் வாங்கும். விலையும் குறைவு. 18, 19 இன்ச்சோடு வந்த கார் என்றால் இந்த மிச்சம் இன்னும் கணிசமாக இருக்கும்.

எவ்வளவு இறங்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு உண்டு. பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகமான காலிப்பர் ரிம்முக்குள் இடிக்காமல் அடங்க வேண்டும். உங்கள் காரின் விலை குறைந்த மாடலில் என்ன அளவு வந்தது என்று தேடுங்கள், பிரேக் இரண்டிலும் ஒன்றுதானா என்று கடையில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அளவுக்குப் பின்னால் 91ஹெச், 93டி மாதிரி ஒரு எண்ணும் எழுத்தும் வரும். எண் பாரம் தாங்கும் திறன். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ. ஸ்டிக்கர் சொல்வதற்குக் கீழே போகக் கூடாது. மின்சாரக் கார்கள் பேட்டரியின் எடையால் கனமானவை, அங்கே இதில் இரட்டைக் கவனம் வேண்டும். எழுத்து வேக வரம்பு. விண்டர் டயரில் இது கொஞ்சம் குறைவாக இருந்தால் கவலை இல்லை. 'டி' என்றால் மணிக்கு 190 கி.மீ. பனியில் யார் அவ்வளவு வேகமாகப் போகப்போகிறார்கள்?

ரிம்: தனியாக ஒரு செட்

காசு இடிக்கும், ஆனால் விண்டர் டயருக்கென்று தனி ரிம் வாங்கிவிடுங்கள். ஒரே ரிம்மில் டயரைக் கழற்றி மாட்டினால் ஒவ்வொரு தடவையும் பேலன்சிங் செலவு சேரும், டயரின் விளிம்பும் அடிபடும். விலையெல்லாம் ஏறக்குறைய இப்படி இருக்கும்: ரிம்மோடு மாற்ற 50 முதல் 80 டாலர், ரிம் இல்லாமல் மாற்ற 100 முதல் 140. வருடத்துக்கு இரண்டு தடவை. இரும்பு ரிம் ஒன்று 80, 90 டாலர் என்றால், மூன்று நான்கு குளிர்காலத்தில் போட்ட காசு திரும்பிவிடும்.

இரும்பா, அலாயா? எனக்கு இரும்புதான். அழகு இல்லை, உண்மை. கறுப்பாக, போலீஸ் கார் சக்கரம் மாதிரி இருக்கும். ஆனால் இங்கே சாலையில் கொட்டும் உப்பு அலாயின் பூச்சைக் கொப்புளமாக்கித் தின்றுவிடும். இரும்பும் துருப்பிடிக்கும், ஆனால் அதற்காக யாரும் கண்ணீர் விடுவதில்லை. குழியில் இடித்தால் அலாய் விரிசல் விடலாம், இரும்பு வளையும்.

சரி, இனிமேல்தான் நான் காசு கொடுத்துக் கற்ற பாடம். ரிம்மில் நான்கு விஷயம் பொருந்த வேண்டும். நட் துளைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும் முதலாவது. ஆஃப்செட் இரண்டாவது, அதாவது சக்கரம் எவ்வளவு உள்ளே தள்ளி உட்காருகிறது என்பது. நடுத்துளையின் விட்டம் மூன்றாவது. நட்டின் வடிவம் நான்காவது. முதல் இரண்டை எல்லாரும் பார்ப்பார்கள். அடுத்த இரண்டில்தான் வழுக்குவோம்.

என் சிவிக்குக்கு ஐந்து துளை, 114.3 மி.மீ. வட்டம். ஹூண்டாய் எலான்ட்ராவுக்கும் அதே. டோயோட்டா கேம்ரிக்கும் அதே. செகண்ட் ஹேண்டில் எலான்ட்ராவிலிருந்து கழற்றிய இரும்பு ரிம் நான்கு, விண்டர் டயரோடு சேர்த்து மலிவாகக் கிடைத்தது. துளை பொருந்துகிறது, வாங்கிவிட்டேன். நானே ஜாக்கி போட்டு ஏற்றி மாட்டினேன். 401 நெடுஞ்சாலையில் 100-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் கிரைண்டர் மாதிரி அதிர்ந்தது. பேலன்சிங் கோளாறு என்று அதற்கு ஒரு தடவை காசு அழுதேன். அதிர்வு போகவில்லை.

கடைசியில் ஒரு வயதான மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி, ரிம்மின் நடுத்துளைக்குள் விரலை விட்டுக் காட்டினார். எலான்ட்ரா ரிம்மின் நடுத்துளை 67.1 மி.மீ. சிவிக்கின் ஹப், அதாவது அந்தத் துளைக்குள் நுழையும் காரின் நடுக்குமிழ், 64.1. சுற்றிலும் ஒன்றரை மி.மீ. இடைவெளி, சக்கரம் நடுவில் உட்காரவே இல்லை. அந்த இடைவெளியை அடைக்க ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கிறது. நான்கு வளையம் சில டாலர்தான். கேம்ரி ரிம்மாக இருந்தால் அதன் துளை 60.1, ஹப்பில் ஏறியே இருக்காது. ஒருவிதத்தில் அது எவ்வளவோ மேல், வாங்கும் இடத்திலேயே தெரிந்திருக்கும்.

வளையத்தைப் போட்ட கையோடு அவர் நட்டைக் கையில் எடுத்துப் பார்த்து, என்னையும் ஒரு பார்வை பார்த்தார். ஹோண்டாவின் சொந்த நட்டின் அடிப்பாகம் உருண்டையாக, கோலிக்குண்டு மாதிரி இருக்கும். நான் வாங்கிய ரிம்மின் துளை புனல் மாதிரிச் சரிந்தது. கோலிக்குண்டைப் புனலில் வைத்தால் மெல்லிய ஒரு கோட்டில்தான் படும். முறுக்கும்போது இறுகியது போலத் தோன்றும், ஓட ஓடத் தளரும். டோயோட்டாவின் பல அலாய் ரிம்களின் நட்டோ தட்டையான வாஷரோடு வரும், அதுவும் வேறு கம்பெனிகள் செய்யும் வெளிச்சந்தை ரிம்முக்கு உதவாது. ஆகவே புது ரிம் வாங்கும்போது, அந்த ரிம்முக்குப் பொருந்தும், உங்கள் காரின் மரை அளவுக்கான நட் இருபதையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். கோடையில் சொந்த ரிம் திரும்பும்போது சொந்த நட்டும் திரும்ப வேண்டும். இரண்டையும் தனித்தனி டப்பாவில் பெயர் எழுதி வையுங்கள்.

டயரில் காற்று குறைந்தால் டாஷ்போர்டில் விளக்கு எரியுமே, அதற்குச் சில கார்களில் ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் ஒரு சென்சார் இருக்கும். புது ரிம்மில் அது இல்லாவிட்டால் குளிர்காலம் முழுக்க அந்த விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கனடாவில் சென்சார் சட்டப்படி கட்டாயம் இல்லை. என் சிவிக் சக்கரம் சுற்றும் வேகத்தை வைத்தே காற்றை அனுமானிக்கிறது, அதற்குச் சென்சாரே வேண்டாம். உங்கள் கார் எந்த ரகம் என்று வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய டயர் வாங்கினால்

வாங்கலாம், இரண்டு விஷயம் பார்த்து. பக்கவாட்டில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 3521 என்றால் 2021-ஆம் வருடத்தின் 35-வது வாரத்தில் செய்தது. ஐந்தாறு வருடம் தாண்டியதை நான் தொடமாட்டேன், ரப்பர் இறுகியிருக்கும். நகத்தால் அழுத்தினாலே ஓரளவு தெரியும். அடுத்தது பட்டன் ஆழம். 4 மி.மீ. பக்கம் வந்துவிட்டால் பனிக்கு அது முடிந்தது. பட்டன் 5 மி.மீ.தான் மிச்சம் என்றால் ஒரு சீசனுக்காகக் காசு கொடுக்கிறீர்கள் என்று அர்த்தம்.

மாட்டும் நாள்

ஹப்பில் படிந்த துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்த பிறகே சக்கரத்தை ஏற்றுங்கள். டயரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி இருந்தால் அது முன்னோக்கிப் பார்க்கட்டும். நட்டுகளை நட்சத்திர வடிவில், ஒன்றுக்கு எதிரே ஒன்றாக முறுக்குங்கள். ஏறி மிதித்து முறுக்குவது நம் ஊர் வழக்கம், இங்கே வேண்டாம். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பேனர் ஒன்று வாங்கி, காரின் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். சிவிக்குக்கு 108 நியூட்டன் மீட்டர். 80, 100 கி.மீ. ஓட்டிய பிறகு மறுபடி ஒரு தடவை சரிபாருங்கள். கடையில் மாட்டினாலும் இதைச் செய்யுங்கள், பல கடைகளில் இதற்குக் காசு வாங்குவதில்லை.

காற்று, குளிர் 5, 6 டிகிரி கூடும்போதெல்லாம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ இறங்கும். கதகதப்பான கடைக்குள் 20 டிகிரியில் 33 அடித்துவிட்டு வெளியே மைனஸ் பதினைந்தில் நிறுத்தினால், காலையில் 27-தான் இருக்கும். மாதம் ஒரு தடவை, வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது பாருங்கள்.

ஏப்ரலில் 7 டிகிரிக்கு மேலே நிலைத்ததும் கழற்றிவிடுங்கள். இந்த மெத்தென்ற ரப்பர் வெயிலில் அழிரப்பர் மாதிரி கரையும். உப்புப் போகக் கழுவி, காயவைத்து, வெயில் படாத இடத்தில் அடுக்குங்கள். ரிம்மோடு இருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைக்கலாம், ரிம் இல்லாத டயரை நிற்கவைக்க வேண்டும். கழற்றும்போதே எது எங்கே இருந்தது என்று சாக்பீஸால் எழுதிவிட்டால், அடுத்த நவம்பரில் முன்னதைப் பின்னும் பின்னதை முன்னும் மாற்றிப்போட வசதி, தேய்மானம் சமமாகும். நான் 'மு.இ', 'மு.வ' என்று தமிழில் எழுதியிருந்தேன். போன வருடம் முதுகுவலி வந்து கடையில் கொடுத்தபோது, அங்கிருந்த பையன் நான்கு டயரையும் சுற்றிச் சுற்றி வந்து, இது என்ன கம்பெனி சின்னம் என்று கேட்டான்.